வகுப்பறை மதிப்பீட்டின் நோக்கம்: நன்னூல் பொதுப்பாயிரமும் மைசூர்த் தமிழ்க் கல்விச் சூழலும்

முன்னுரை

கற்பித்தலில் மதிப்பீடு பெறும் இடம் யாது என்பது கல்வியியலார்க்கு மட்டும் உரிய வினா அன்று. மொழியும் இலக்கியமும் கற்பிப்போர் அனைவர்க்கும் உரிய வினாவாகும். பாடம் நடத்தி முடித்தபின் மாணவர் பெற்ற அறிவை அளந்து எண்ணால் குறிப்பதே மதிப்பீடு என்னும் கருத்து இன்று பரவலாக நிலவுகின்றது. இக்கருத்தின்படி கற்பித்தல் முன்னரும் மதிப்பீடு பின்னரும் நிகழ்வன. ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்று தொடங்குகின்றது. தமிழ் வகுப்பறைகளில் இக்கருத்து விளைத்துள்ள பயன்கள் நல்லனவாக இல்லை. பாடலை மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவர் அதுபோன்ற வேறொரு பாடலைத் தாமே படித்துப் பொருள் கொள்ள இயலாது நிற்பதைத் தமிழாசிரியர் பலரும் அறிவர்.

வகுப்பறை மதிப்பீட்டின் முதன்மை நோக்கம் மாணவரைத் தரம் பிரிப்பதன்று, ஆசிரியரின் அடுத்த பாடத்தைத் தீர்மானிப்பதே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு நன்னூலின் பொதுப்பாயிரமும், கருநாடக மாநிலம் மைசூரில் தமிழ் கற்போரின் நிலையும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. மைசூரைத் தெரிவு செய்தற்குக் காரணம் உண்டு. அங்குத் தமிழ் ஒருவகை மாணவர்க்கு மட்டும் கற்பிக்கப்படும் மொழியாக இல்லை. வீட்டில் தமிழ் பேசிக் கன்னட எழுத்தில் எழுதுவோர், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டு தமிழ் கற்போர், பிற மாநிலங்களிலிருந்து வந்து தமிழ் பயிலும் ஆசிரியர்கள் எனக் கற்போர் பலவகையினர். ஒரே வினாத்தாளால் இவர்களை அளக்க முற்படும்போது மதிப்பீட்டின் நோக்கம் எது என்னும் வினா தெளிவாக எழுகின்றது.

அளவீடும் மதிப்பீடும்

தேர்வு, அளவீடு, மதிப்பீடு ஆகிய மூன்று சொற்களும் வழக்கில் ஒரு பொருளனவாகவே ஆளப்படுகின்றன. கல்வியியலில் இவை வேறுபட்டவை. தேர்வு என்பது கருவி. அளவீடு என்பது அக்கருவியால் கிடைக்கும் எண். மதிப்பீடு என்பது அவ்வெண்ணையும் பிற சான்றுகளையும் கொண்டு செய்யும் முடிவு. நூற்றுக்கு 35 பெற்றார் என்பது அளவீடு. எதனால் 35 பெற்றார், இனி அவர்க்கு எதை எவ்வாறு கற்பிக்க வேண்டும் எனத் துணிவதே மதிப்பீடாகும். எண்ணோடு நின்றுவிடும் வகுப்பறையில் தேர்வும் அளவீடும் நிகழ்ந்துள்ளனவேயன்றி மதிப்பீடு நிகழவில்லை.

இவ்வேறுபாட்டை இந்தியக் கல்வி உலகம் அறியாததன்று. கல்வி நோக்கங்களை வகைப்படுத்தி 1956இல் நூல் வெளியிட்ட பெஞ்சமின் புளூம் 1950களின் இறுதியில் இந்தியா வந்து தேர்வுச் சீர்திருத்தப் பட்டறைகளை நடத்தினார். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 1961இல் தோன்றியது. அதன் சார்பில் 1963இல் மைசூரில் நிறுவப்பட்ட மண்டலக் கல்வியியல் கல்லூரி, இன்று மண்டலக் கல்வி நிறுவனம் என்னும் பெயரில் தென் மாநில ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகின்றது. மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்னும் பாகுபாட்டை முன்வைத்தார். கற்பித்தல் நிகழும்போதே அதனைத் திருத்துதற்கு உதவுவது வளரறி மதிப்பீடு. கற்பித்தல் முடிந்தபின் பெற்ற பயனைத் தொகுத்துக் கூறுவது தொகுத்தறி மதிப்பீடு. ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்கள் இப்பாகுபாட்டைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகின்றன. எனினும் வகுப்பறையில் இரண்டாவது வகையே நிலைபெற்றுள்ளது. இதனைக் கோட்பாட்டு அறியாமையால் நேர்ந்த குறை எனல் பொருந்தாது. நோக்கம் தெளிவுபடாமையால் நேர்ந்த குறை எனலே தகும்.

தொகுத்தறி மதிப்பீட்டின் இயல்பை விளக்கத் தமிழ் மரபிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டபோது, எவ்வுரை மெய்யுரை எனத் துணிய வாய்பேசாச் சிறுவனாகிய உருத்திரசன்மன் அமர்த்தப்பட்டான் என்றும், நக்கீரனார் உரையைக் கேட்டு அவன் கண்ணீர் உகுத்து மெய்சிலிர்த்தான் என்றும் களவியல் உரை கூறுகின்றது. அத்தீர்ப்பால் வழக்குத் தீர்ந்தது. ஆனால் ஏனைய உரைகள் எவ்விடத்தில் எதனால் பிழைத்தன என்பதை அத்தீர்ப்புக் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அங்கு இல்லை. சிறந்ததைத் தெரிவு செய்தற்கு அம்முறை போதும். பிழைத்தவரைத் திருத்துதற்கு அது போதாது. இன்றைய பொதுத்தேர்வும் இவ்வியல்பினதே. வகுப்பறைத் தேர்வும் அவ்வாறே அமைந்துவிடுவதுதான் சிக்கலாகும்.

நன்னூல் காட்டும் நெறி

கி.பி. 13ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் நன்னூலைப் பவணந்தியார் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்க இயற்றினார். சீயகங்கன் குவலாலபுரத்தோடு, அதாவது இன்றைய கருநாடகக் கோலாரோடு, தொடர்புடைய கங்கர் குடியினன். எனவே தமிழ் கற்பித்தலின் முறைகளைத் தொகுத்துரைக்கும் இந்நூல் தமிழ், கன்னட நிலங்கள் இணையும் சூழலில் தோன்றியது என்பது கருதத்தக்கது. இதன் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் ஆகிய ஐந்தின் இயல்புகளை உரைக்கின்றது. தேர்வு என்றோர் இயல் இதில் தனியே இல்லை. இது குறையன்று. மதிப்பீடு இவ்வைந்தனுள்ளும் விரவி நிற்பதே காரணமாகும். இதனை நான்கு நிலைகளில் காணலாம்.

முதலாவது, பாடஞ்சொல்லலின் இலக்கணம். காலமும் இடமும் அறிந்து, சொல்லும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்து, கற்பவன் எவ்வகையால் கொள்வான் என்பதனை அறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு ஆசிரியன் உரைத்தல் வேண்டும் என்கிறார் பவணந்தியார். கொள்ளும் வகையை அறிதல் கற்பித்தலுக்கு முன்நிகழ்வாக இங்கு வைக்கப்பட்டுள்ளது. இன்றைய கல்வியியல் குறையறி சோதனை எனக் கூறுவது இதனோடு ஒப்பிடத்தக்கது.

இரண்டாவது, ஆசிரியர்க்குக் கூறப்படும் உவமைகள். நிலம், மலை, மலர் ஆகியவற்றோடு நிறைகோலும் அங்கு உவமையாகின்றது. நிறைகோல் தன்பால் வைத்த பொருளின் அளவை ஐயமின்றிக் காட்டும். ஒருபுறம் சாயாது நிற்கும். ஆசிரியன் ஐயம் நீக்குபவனாகவும் நடுவு நிலையினனாகவும் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வுவமையின் கருத்து. அளக்கும் கருவி ஆசிரியர்க்கு உவமையாயினும், அளத்தலின் பயன் ஐயம் தீர்தலாகவே கொள்ளப்பட்டுள்ளது.

மூன்றாவது, மாணாக்கர்க்குக் கூறப்படும் உவமைகள். அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைமாணாக்கர்க்கும் உவமையாயின. இவற்றுள் கிளி நிற்கும் இடம் ஊன்றி நோக்கத்தக்கது. கற்பித்ததைக் கற்பித்தவாறே கூறவல்ல கிளி இடையிலேயே வைக்கப்பட்டது, தலையில் வைக்கப்படவில்லை. கொண்டதை மீண்டும் அசைபோட்டுத் தன்னுடையதாக்கிக் கொள்ளும் ஆவே தலையிடம் பெற்றது. உரைநூலில் உள்ளதை உள்ளவாறு எழுதுவார்க்கு முதலிடம் தரும் இன்றைய தேர்வு, இவ்வரிசையைத் தலைகீழாக்கியுள்ளது. மண்ணுக்குக் கூறப்படும் பொருளும் கருதத்தக்கது. உழவரின் முயற்சி எவ்வளவோ அவ்வளவே நிலம் பயன்தரும் என உரையாசிரியர்கள் விளக்குவர். விளைச்சலைக் கொண்டு உழவரின் உழைப்பையும் அறியலாம் என்பது இதன் மறுதலை. மாணவரின் விடைத்தாள் ஆசிரியரின் கற்பித்தலுக்கும் சான்றாகும் என்னும் கருத்து இவ்வுவமையில் அடங்கியுள்ளது.

நான்காவது, பாடங்கேட்டலின் இலக்கணம். ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் கற்றவன் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது நன்னூலின் கருத்தாகும். கேட்டதை நினைத்தல், மீண்டும் ஆசிரியனை அடைந்து தெளிதல், வினவுதல், வினவியவற்றுக்கு விடை கூறுதல் ஆகியனவும் கற்போன் கடமைகளாகச் சொல்லப்படுகின்றன. இங்கு மாணவன் விடை கூறுவதோடு வினவவும் செய்கிறான். இன்றைய தேர்வு அறையில் வினவும் உரிமை மாணவர்க்கு இல்லை. நன்னூலின் கணக்குப்படி நோக்கினால், ஆசிரியர் சொன்னதை மட்டும் கேட்டு வாங்கும் தேர்வு கல்வியின் காற்பங்கையே அளக்கின்றது எனலாம்.

நன்னூல் முறையை முற்றும் போற்றுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. பாடங்கேட்கத் தகாதார் எனச் சிலரை அது விலக்குகின்றது. தலை, இடை, கடை எனக் கற்போரைப் பிறவியியல்பு போல முத்திரையிடும் போக்கும் அதில் உண்டு. எருமை என்றும் இல்லிக்குடம் என்றும் பெயர் பெற்றவன் திருந்தும் வழியை அது விரித்துரைக்கவில்லை. முத்திரையிடும் இப்போக்கே தரவரிசையாக இன்றும் தொடர்கின்றது. எனவே நன்னூலிலிருந்து கொள்ளத்தக்கது அதன் வகைப்பாடன்று. கொள்வகை அறிந்து கற்பித்தல் என்னும் நெறியேயாகும்.

மைசூரில் தமிழ் கற்போர்

மைசூர் நகரின் பழம்பகுதிகளுள் ஒன்று அக்ரஹாரம். அந்தணர் குடியிருப்பைக் குறிக்கும் பொதுப்பெயரே அப்பகுதியின் பெயராயிற்று. மைசூர், மண்டியா, மேலுகோட்டை வட்டாரங்களில் வாழும் மண்டயம், ஹெப்பார் ஆகிய ஐயங்கார்ப் பிரிவினர் வீட்டில் தமிழின் கிளைவழக்குகளைப் பேசுவோர் ஆவர். கன்னடச் சொற்களும் தொடரமைப்புகளும் அவ்வழக்குகளில் விரவியுள்ளன. பள்ளியில் அவர்கள் கற்பது கன்னடமும் ஆங்கிலமும். எழுதுவது கன்னட எழுத்து. தமிழ் அவர்க்குச் செவிக்கும் நாவிற்கும் உரிய மொழியேயன்றிக் கண்ணுக்கும் கைக்கும் உரிய மொழியன்று.

அக்ரஹாரத்தின் இத்தகைய இல்லமொன்றிலிருந்து ஒருவர் தமிழ் எழுதப் படிக்கக் கற்க வருவதாகக் கொள்வோம். அவர் சாத்தமுது என்பார், ரசம் என்னார். பாயசத்தைத் திருக்கண்ணமுது என்பார். சொற்பொருள் வினாவில் பாயசம் என்பதற்கு நேராகத் திருக்கண்ணமுது என அவர் எழுதினால், விடைக்குறிப்பில் அச்சொல் இன்மையால் மதிப்பெண் கிடைப்பது அரிது. வைணவ மரபில் வேரூன்றிய செம்மையான தமிழ்த்தொடர் அது. எழுத்துத் தேர்வில் அவர் பெறும் எண் மிகக் குறைவாக இருக்கும். அவ்வெண்ணைக் கொண்டு அவரைத் தமிழறியாதார் வரிசையில் வைப்பின், அவர் ஏற்கெனவே பெற்றுள்ள கேட்டல், பேசல் திறன்கள் கணக்கில் வாரா. அகரம் முதலாகத் தொடங்கும் பாடம் அவர்க்குச் சலிப்பூட்டும். இலக்கணப் பாடம் எட்டாததாகும். அவர்க்கு வேண்டியது எழுத்துப் பயிற்சியும், தம் கிளைவழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இடையிலான உறவை உணர்த்தும் பாடமுமே. இதனை எண் உணர்த்தாது. கொள்வகை அறியும் மதிப்பீடே உணர்த்தும்.

இரண்டாம் வகையினர் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர். அவர்களுக்குக் கன்னடம் தடையாதல் போலவே துணையாதலும் உண்டு. தமிழ்ப் பகரத்துக்குக் கன்னடத்தில் ஹகரம் நேராதல் ஒழுங்கான ஒலிமாற்றம்: பால், ஹாலு, பூ, ஹூவு, பத்து, ஹத்து, பெயர், ஹெசரு. இவ்வொழுங்கை உணர்ந்தவர் புதிய தமிழ்ச்சொற்கள் பலவற்றைத் தாமே இனங்கண்டு கொள்வார். மாறாக, மாடு என்பது கன்னடத்தில் செய் என்னும் பொருளது. சாகு என ஒலிப்பது அங்குப் போதும் என்னும் பொருளது. இவ்விடங்களில் தாய்மொழி அறிவே இடர்ப்பாட்டைத் தரும். எங்கு உதவி, எங்கு இடர் என்பதை ஆசிரியர் அறிந்தாலன்றிப் பாடத்தை வகுக்க இயலாது.

மூன்றாம் வகையினர் பிற மாநில ஆசிரியர்கள். 1969 சூலை 17இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் அங்கமாகிய தென்மண்டல மொழி மையம், தென்னக மொழிகளைப் பிறமொழி ஆசிரியர்களுக்குப் பத்துத் திங்கள் பயிற்சியாகக் கற்பித்து வந்துள்ளது. பயிற்சி முடித்துத் திரும்புவோர் தம் பள்ளியில் அம்மொழியைக் கற்பித்தல் வேண்டும் என்பது மும்மொழித் திட்டத்தின் எதிர்பார்ப்பு. இந்நிறுவனம் 1979இல் வெளியிட்ட எஸ். இராஜாராமின் தமிழ்த் தீவிரப் பயிற்சி நூல் உரையாடல், பயிற்சி, வினா, சொல்தொகுதி, இலக்கணக் குறிப்பு என்னும் அமைப்பினது. ஒவ்வொரு பாடத்தோடும் பயிற்சி இணைந்திருப்பதால், கற்றவர் கொண்டது எவ்வளவு என்பது அன்றன்றே வெளிப்படும். பத்தே திங்களில் பேசவும் எழுதவும் வேண்டிய வகுப்பில், ஆண்டிறுதித் தேர்வுவரை பிழை காத்திருக்க இயலாது. காலநெருக்கடியே அங்கு மதிப்பீட்டைக் கற்பித்தலின் உள்ளே கொண்டுவந்து வைக்கின்றது. தமிழ்நாட்டுப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடைப்பதால், பிழையைத் திருத்துதல் அடுத்த ஆண்டுக்கும் அடுத்த ஆசிரியர்க்கும் தள்ளிவிடப்படுகின்றது.

ஒரு பிழையும் மூன்று காரணங்களும்

எண் மறைப்பது எது என்பதை ஒரு சொல்லைக் கொண்டு விளக்கலாம். மழைக்காலம் என எழுத வேண்டிய இடத்தில் மூவர் மளைகாலம் என எழுதினர் எனக் கொள்க. மூவர்க்கும் ஒரே அளவில் மதிப்பெண் குறைக்கப்படும். ஆனால் மூவர் பிழையும் ஒன்றல்ல.

முதலாமவர் மைசூர்க் கன்னட மாணவர். பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் இக்காலக் கன்னடத்தில் வழக்கொழிந்தது. மழை அங்கு மளெ என வழங்கும். மேலும் மளெ, கால என்னும் இரு சொற்களும் புணரும்போது கன்னடத்தில் வருமொழி முதலில் உள்ள ககரம் மிகுவதில்லை. ஒலிப்புடை ஒலியாகத் திரிகின்றது. கன்னட இலக்கணத்தார் இதனை ஆதேச சந்தி என்பர். தமிழில் அவ்விடத்து வல்லினம் மிகும். எனவே ஒற்றின்றி எழுதிய அம்மாணவர் விதியறியாமல் எழுதவில்லை. மற்றொரு மொழியின் விதியைப் பின்பற்றி எழுதியுள்ளார். அவர்க்கு இருமொழிப் புணர்ச்சிகளையும் அருகருகே வைத்துக் காட்டும் பாடம் தேவை.

இரண்டாமவர் தமிழ்நாட்டுத் தென்மாவட்ட மாணவர். அவர்தம் பேச்சுவழக்கில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கின்றது. செவியில் கேளாத வேறுபாட்டைக் கை எழுதுவது கடினம். ஒற்று மிகாமையோ அவரிடத்து வேறு காரணத்தால் நேர்ந்திருக்கலாம். அதனை அவர் வாயால் படிக்கச் செய்து அறிதல் வேண்டும். அவர்க்கு வேண்டியது ஒலிப்புப் பயிற்சி. விதியை நூறுமுறை எழுதச் செய்வதால் பயன் விளைதல் அரிது.

மூன்றாமவர் ழகரத்தைச் சரியாக ஒலிப்பவர். வல்லினம் மிகும் விதியை ஒப்பிக்கவும் வல்லவர். விரைந்து எழுதியதால் பிழைத்தார். கேட்டால் தாமே திருத்திக்கொள்வார். அவர்க்குப் புதிய பாடமே தேவையில்லை. எழுதியதை மீளப் படிக்கும் பழக்கம் போதும்.

மொழியியலறிஞர் பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரையில், கற்போரின் அறிவுநிலையைக் காட்டும் ஒழுங்கான பிழை வேறு, தற்செயலான தவறு வேறு எனப் பிரித்துரைத்தார். அவர் கருத்துப்படி ஒழுங்கான பிழை, கற்போர் தம் உள்ளத்தில் அமைத்துக்கொண்ட விதியைப் புலப்படுத்தும் சான்றாகும். முதலிருவர் பிழை இத்தகையது, மூன்றாமவரது தவறு. விடைத்தாளில் மூன்றும் ஒரே சிவப்புக் கோடு பெறுகின்றன. கோடு இடுவதோடு ஆசிரியர் பணி முடியுமாயின், முதலாமவர் அடுத்த தேர்வில் மளைகாலம் என்பதைத் திருத்தி எழுதினாலும் புதுக்கன்னடம் போன்ற வேறொரு தொடரில் அதே பிழையைச் செய்வார். ஹொசகன்னட எனத் தம் மொழியில் அவர் எழுதும் முறை அதுவேயாதலின் என்க. மதிப்பெண் பிழையின் அளவைக் கூறுகின்றது, காரணத்தைக் கூறவில்லை. கற்பித்தலுக்கு வேண்டியது காரணமே.

தொடர் மதிப்பீடும் மதிப்பெண் கூட்டலும்

வகுப்பறை மதிப்பீட்டைச் சீர்திருத்தும் முயற்சிகள் நிகழாமல் இல்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை தொடர் மதிப்பீட்டை வலியுறுத்தியது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டைத் தொடக்கக் கல்வியின் கூறாக்கியது. தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறையுடன் இம்மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்கள் வகுக்கப்பட்டன. வளரறி மதிப்பீடு செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20 என இருகூறாயிற்று.

இத்திட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. அதன் அமைப்பில் ஒரு முரண் உண்டு. வளரறி மதிப்பீடு மாணவர் தம் அறியாமையை அச்சமின்றி வெளிப்படுத்தும் இடமாக இருத்தல் வேண்டும். அறியாமை வெளிப்பட்டால்தான் ஆசிரியர் அதனை நீக்க இயலும். அதற்கும் மதிப்பெண் இட்டு இறுதித் தொகையோடு கூட்டும்போது, அறியாமையை மறைப்பதே மாணவர்க்கு நன்மையாகிவிடுகின்றது. பிறர் செய்த செயல்பாட்டைப் படியெடுத்தலும், கடையில் வாங்கிய படத்தை ஒட்டுதலும் இதன் விளைவுகள். ஆசிரியரும் தம் வகுப்பின் எண் குறையாமல் இருத்தற்பொருட்டுப் பெரும்பாலோர்க்கும் 40ஐ ஒட்டியே இடுவர். வளரறி மதிப்பீடு என்னும் பெயரில் நடப்பது சிறுசிறு தொகுத்தறி மதிப்பீடுகளேயாம்.

2018-19, 2019-20ஆம் கல்வியாண்டுகளில் தமிழ்நாட்டில் வெளிவந்த புதிய தமிழ்ப் பாடநூல்களில் கற்பவை கற்றபின், மொழியை ஆள்வோம், மொழியோடு விளையாடு என்னும் பகுதிகள் இடம்பெற்றன. மாணவர் மொழியைத் தாமே கையாளும் வாய்ப்பை இவை தருகின்றன. ஆயினும் தேர்வில் வாராத பகுதி வகுப்பில் விடுபடுகின்றது. தேர்வில் வரும் பகுதிக்கோ துணைநூல்களில் ஆயத்த விடைகள் கிடைக்கின்றன. பாடநூல் மாறினும் மதிப்பீட்டின் நோக்கம் மாறாதவரை கற்பித்தல் மாறாது என்பதற்கு இது சான்றாகும்.

தொடர் மதிப்பீடு எதிர்பார்த்த பயனைத் தராதபோது அரசுகள் மீண்டும் பொதுத்தேர்வையே நாடின. தமிழ்நாட்டில் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு 2019இல் அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வு எதிர்ப்பின் காரணமாக 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. கருநாடகத்தில் ஐந்து, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கு 2024இல் நடத்தப்பட்ட மாநில அளவிலான தேர்வு வழக்காயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவுகளை வெளியிடுதலை நிறுத்திவைத்தது. தேர்வு வேண்டுமா, வேண்டாவா என்பதே இவ்வழக்காடல்களில் வினாவாயிற்று. எதற்காகத் தேர்வு என்னும் வினா பின்தள்ளப்பட்டது.

மறுப்பும் விடையும்

மேற்கூறிய கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். இரண்டும் வலியுடையன.

முதல் மறுப்பு நடுவுநிலை பற்றியது. பொதுத்தேர்வில் விடைத்தாளின்மேல் எண் உண்டு, பெயரில்லை. திருத்துவார்க்கு மாணவரின் சாதியோ குடும்பமோ தெரியாது. அக்ரஹாரங்களிலும் திண்ணைப் பள்ளிகளிலும் கல்வி சிலர்க்கே உரியதாயிருந்த காலத்தை எண்ணுங்கால், முகமறியா இத்தேர்வு ஒடுக்கப்பட்டோர்க்கு அளித்த காப்பு எளியதன்று. ஆசிரியரின் கையில் அகமதிப்பெண்ணை ஒப்படைத்தால் விருப்பு வெறுப்புக்கு இடமாகும் என்னும் அச்சம் உண்மையானது. இம்மறுப்பை ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். ஆயின் இம்மறுப்பு வகுப்பறை மதிப்பீட்டுக்கு எதிரானதன்று; வகுப்பறை மதிப்பீட்டை மதிப்பெண்ணாக மாற்றுவதற்கே எதிரானது. சான்றிதழ் வழங்குதற்குப் பெயரறியாத் தேர்வு இருக்கட்டும். பாடம் வகுத்தற்குப் பெயரறிந்த மதிப்பீடு வேண்டும். மைசூர் மாணவரின் தாய்மொழி இன்னது என அறியாத ஆசிரியர் அவர் பிழையின் காரணத்தை அறிய இயலாது. ஒன்றற்கு நன்மையாவது மற்றொன்றற்குத் தீமையாதலின், இரண்டையும் ஒரே எண்ணில் கூட்டுதல் தகாது.

இரண்டாம் மறுப்பு நடைமுறை பற்றியது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை ஓர் ஆசிரியர்க்கு 35 மாணவர் என வரையறுத்தாலும், அதனினும் பெரிய வகுப்புகள் உள்ளன. ஒவ்வொருவர் பிழைக்கும் காரணம் தேடுதல் இயலுமோ என்பர். ஒவ்வொரு விடைத்தாளையும் ஆராய வேண்டும் என்பது இங்குக் கூறப்படவில்லை. விடைத்தாள்களை மாணவர் வாரியாகத் திருத்துவதோடு பிழை வாரியாகவும் தொகுத்தல் போதும். ழகர, ளகர மயக்கம், வல்லினம் மிகுதல், எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபின்மை, பாடலின் பொருளை மாற்றிக் கொள்ளுதல் என ஐந்தாறு தலைப்புகளில் பெயர்களைக் குறித்துக்கொண்டால், மறுநாள் எவர்க்கு எதைக் கற்பிப்பது என்பது புலனாகும். பிழைத்தவருள் சிலரைச் சொல்லை வாய்விட்டுப் படிக்கச் செய்தால் காரணமும் தெரியவரும். ஒரே காரணத்தால் பிழைத்தோரை ஒரு குழுவாக்கி, அப்பிழையிலிருந்து மீண்டவரைக் கொண்டே கற்பிக்கச் செய்யலாம். பிறர்க்கு உரைத்தலால் கல்வி நிரம்பும் என்னும் நன்னூற் கருத்தும் இவ்வாறு செயல்வடிவம் பெறும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. மதிப்பெண் இடுதல் அளவீடேயன்றி மதிப்பீடாகாது. அளவீட்டைக் கொண்டு அடுத்த பாடத்தைத் துணியும்போதே மதிப்பீடு நிறைவுறுகின்றது.

2. நன்னூல் பொதுப்பாயிரம் மதிப்பீட்டைத் தனித்த நிகழ்ச்சியாக வைக்காமல் கற்பித்தலின் உள்ளே வைத்துள்ளது. கொள்வகை அறிந்து உரைத்தல் என்பதே அதன் நெறி. மாணவரைத் தலை, இடை, கடை எனப் பகுக்கும் அதன் போக்கு விலக்கத்தக்கது.

3. மைசூரில் தமிழ் கற்போர் பலவகையினர். ஒரே எண் பெற்ற மூவர்க்கு மூன்று வேறு பாடங்கள் தேவைப்படலாம் என்பதை அச்சூழல் புலப்படுத்துகின்றது. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபட்டு நிற்கும் தமிழ்நாட்டு வகுப்பறைக்கும் இது பொருந்தும்.

4. வளரறி மதிப்பீட்டின் மதிப்பெண்ணை இறுதித் தொகையோடு கூட்டுதல் அதன் நோக்கத்தைச் சிதைக்கின்றது. வளரறி மதிப்பீடு மதிப்பெண்ணின்றி, பிழைப் பதிவாகவும் பாடத்திட்டமாகவும் அமைதல் வேண்டும்.

5. சான்றிதழுக்குரிய தேர்வு மாணவரின் பெயரறியாமல் நடைபெறுதலும், கற்பித்தலுக்குரிய மதிப்பீடு மாணவரை நன்கறிந்து நடைபெறுதலும் இரு வேறு தேவைகள். இரண்டையும் தனித்தனியே காத்தல் கல்வித் துறையின் கடமையாகும்.

தமிழ் வகுப்பில் திருத்தப்பெற்ற விடைத்தாள் மாணவர் கைக்குச் செல்வதற்கு முன் ஆசிரியர்க்கு ஒரு செய்தியைத் தருகின்றது. அச்செய்தியைப் படித்தறிந்து மறுநாள் பாடத்தை மாற்றியமைக்கும் ஆசிரியரிடத்தேதான் மதிப்பீடு தன் நோக்கத்தை அடைகின்றது. ஆசிரியர் பயிற்சியிலும் தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்திலும் வினாத்தாள் அமைத்தற்கு இடம் தரப்படுதல் போலவே, விடைத்தாளைப் பிழைநோக்கில் ஆராய்தற்கும் இடம் தரப்படுதல் இன்றியமையாததாகும்.